எலுமிச்சம்பழமும் அகமிர்சா மாமாவும்

லங்கரான் நகரில் எங்கள் தெருப் பெண்களைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மெட்டை முப்பது வருடமாக வாசித்தவர் பக்கத்து வீட்டு அகமிர்சா மாமா. வாரம் முழுக்கக் குளிர்பெட்டி பழுதுபார்ப்பார். சனி, ஞாயிறு கல்யாணங்களில் கிளாரினெட். அவர் ஊதினால் முட்டிவலிக் கிழவர்களும் எழுந்து ஆடுவார்கள். அவரை நிறுத்த என்னால் மட்டுமே முடியும். எதிரே நின்று எலுமிச்சம்பழத்தைக் கடிப்பேன். அவர் வாயில் எச்சில் ஊறி, கிளாரினெட் வாத்து மாதிரிக் கத்தும்.

"ஏய் ஆஃபெத், உன் கல்யாணத்துக்கு ஊத மாட்டேன்டி!"

"பரவாயில்ல மாமா. வாத்தையே கூப்பிட்டுக்கறேன்."

பழம் கொடுத்து அனுப்புவது அவர் மனைவி ஹனிம்சர் அத்தைதான். அது மட்டும் மாமாவுக்குத் தெரியாது.

அத்தை இறந்த இருபதாம் நாள் என் அக்கா ஷோவ்கெத்தின் கல்யாணம். பக்கத்தில் துக்க வீடு இருந்தால், அவர்கள் சம்மதிக்காமல் நாற்பது நாளுக்கு வாத்தியம் கிடையாது. ஊமையாக வாசல் தாண்டுவதை நினைத்து அக்கா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அப்பா மாமாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே, வேணாம்னா சொல்லுங்க. சத்தமில்லாம அனுப்பிடறோம்."

மாமா துக்கத்தில் வளர்ந்த தாடியைச் சொறிந்தார். "அவ தூக்கி வளர்த்த புள்ளை. சத்தமில்லாமயா? நானே வரேன்."

கறுப்புச் சட்டையில் வந்தார். இடுப்பில் மணப்பெண்ணுக்குக் கட்டும் சிவப்பு நாடாவோடு அக்கா படியிறங்க, மெட்டு தொடங்கியது. நன்றாகத்தான் போனது. அக்கா பக்கத்து வீட்டு மாடியைத் திரும்பிப் பார்த்தாள். மாமாவும் பார்த்தார். ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் அத்தை கையசைக்கிற இடம். கிளாரினெட் விம்மியது, பிறகு வெறும் காற்று வந்தது. அவர் தோள் குலுங்கியது.

"துக்க வீட்டு ஆளை யாருப்பா கூப்பிட்டது?" என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் முணுமுணுத்தார்.

என் பையில் ஒரு பழம் இருந்தது. அன்று கடிப்பதற்காக எடுத்துப் போனதல்ல. அவர் முகத்துக்கு நேரே கடித்தேன்.

"அடிப்பாவி! இவர்கிட்டயா உன் விளையாட்டு?" மாப்பிள்ளையின் அத்தை என் காதைத் திருகினாள். எல்லோரும் மாமாவை விட்டுவிட்டு என்னையே பார்த்துத் திட்டினார்கள். அதற்குள் மாமா சட்டைக்கையில் முகம் துடைத்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தார். அக்கா காரேறிப் போய்விட்டாள்.

கார் மறைந்ததும், "பழம் ஏதுடி?" என்றார்.

"உங்க வீட்டுதுதான் மாமா. எப்பவுமே அத்தைதான் குடுப்பாங்க. இது கடைசியா குடுத்தது."

மீதியை வாங்கித் தோலோடு வாயில் போட்டுக்கொண்டார். ரொம்பப் புளிப்பு, அதனால்தான் கண்ணில் தண்ணீர் என்றார்.