நன்றிப் பகுதியில் மரியம் பீவி

குன்னூரில் வீட்டிலிருந்தபடியே கோவைக் கம்பெனி ஒன்றின் மென்பொருள்களுக்கு வழிகாட்டி எழுதுபவள் இந்து. அந்த வாரம் அவள் கையில் இருந்தது ஒரு புதுக் கருவி. மனிதருக்குப் பதிலாக ஏஐ ஏஜென்ட்டுகள் கடைகளுக்கு ஆர்டர் போடவும் ரத்து செய்யவும் பயன்படுத்தும் ஏபிஐ இணைப்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று அது தானாகவே சோதித்துப் பார்க்கும்.

வழிகாட்டியை ஒப்படைக்க ஒரே நாள் இருக்கையில், மழையில் மரம் சாய்ந்து தெருவுக்கே கரண்ட் போய்விட்டது. கீழ்வீட்டு மரியம் பீவி, "என் பேக்கரியில ஜெனரேட்டர் ஓடுது, வா கண்ணு" என்று கூட்டிப்போய், வர்க்கி பிஸ்கட் தட்டுகளை ஒதுக்கி மேசையில் இடம் பண்ணிக் கொடுத்தார். டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். இந்து விளக்கினாள்.

"சோதிக்கறேன்னு சொல்லிட்டு, நெசமாவே நம்ம கடை ஆர்டரை ரத்து பண்ணிடாதா?"

இந்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. கருவியை உருவாக்கிய சுஜித்தை உடனே போனில் பிடித்தாள்.

"பண்ணிடுமுங்க. சோதனைக்குன்னு ஆர்டர் சிஸ்டத்தோட நகல் ஒண்ணு தனியா வெச்சு, அதுலதான் ஓட்டணும். நானே சொல்லியிருக்கணும். முதல் பக்கத்துலயே போட்டுருங்க" என்றான் சுஜித்.

அப்படியே போட்டாள். நன்றிப் பகுதியில் சுஜித்தின் பெயருக்கு மேலே, 'மரியம் பீவி, குன்னூர்' என்றும் எழுதினாள்.

வழிகாட்டி வெளியானதும் போனில் காட்டியபோது, மரியம் பீவி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நான் சும்மாதானே கேட்டேன் கண்ணு?"

"கேக்கறதுக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அதுக்குத்தானுங்கக்கா" என்றாள் இந்து.