மாமனாரிடம் பேசிய முதல் பேச்சு

கல்யாணமாகி ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. மாமனார்தான் எங்கள் கங்காணி. கூச்சத்தில் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

ஒருநாள் மரங்களில் பால் வெட்டிவிட்டு, அது வடியும்வரை சும்மா இருக்க முடியாமல், நாத்தனார் காய்ந்த ஒட்டுப்பாலை உருண்டையாக்கிப் பந்து போட்டாள். நான் விறகுக்கட்டையால் விளாசினேன். பால் பிடிக்க மரங்களில் கட்டிய சிரட்டைகள் நிறைந்தும் ஆட்டம் நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து வந்த மாமனாரின் தொப்பையில் பந்து மோத, அவர் பதறி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா பிடிச்சிட்டாரு! மதினி அவுட்டு!" என்று நாத்தனார் குதித்தாள்.

"அவுட்டு இல்லைங்க மாமா!" என்று கத்திவிட்டேன்.

அவர் பால் சேர்க்கும் என் வாளியை எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டுகூட இல்லை.

"அவுட்டு இல்லதான். இது நோ பால்," என்றார்.

திட்டா தீர்ப்பா என்று நான் கேட்கவில்லை. மறுபடியும் கட்டையைத் தூக்கினேன்.