முரசுமோட்டையில் ஒரு ரஷ்யப் பாடம்

காலை 6.30. வவுனியாவில் யாழ்ப்பாண பஸ் ஏறினேன். பரந்தன் வரை ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர். பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழியை ஒரு பாடமாக எடுத்து நான்கு மாதம் ஆகிறது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அதற்கு மேல் கேட்காதீர்கள். விடுமுறை முடிந்ததும் பரீட்சை என்பதால் புத்தகத்தை மடியில் விரித்தேன். பக்கத்து இருக்கை ஐயா மாங்குளம் வரை புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

8.30. பரந்தன் சந்தி. முரசுமோட்டைக்கு ஓட்டோ ஐந்நூறு ரூபாய். சாரதியின் கண்ணும் புத்தகத்தில்தான்.

"தங்கச்சி, ரஷ்யாவுக்கோ? ஆர் ஏஜென்ட்?"

"இல்லை அண்ணை, கம்பஸில படிக்கிறன்."

"ஓம் ஓம். இஞ்சயிருந்து போனவை எல்லாரும் படிக்கத்தான் போனவை."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் படிக்கவென்று போன சிலர் அங்கே போர்முனையில் நிற்கிறார்கள் என்ற கதையை நானும் கேட்டிருந்தேன். சித்தியின் மகன் சுதன் அண்ணா அடுத்த கிழமை ரஷ்யாவுக்குப் படிக்கப் போகிறார். அவருக்குப் பயணம் சொல்லத்தான் நான் வந்திருந்தேன்.

9.00. வயலுக்கு அருகே சித்தி வீடு. சுதன் அண்ணா நல்ல உற்சாகத்தில் இருந்தார். கிளிநொச்சியில் ஏஜென்ட் மூன்று கிழமை மொழி வகுப்பு வைத்தானாம். வகுப்பும் இலவசம், விமான ரிக்கற்றும் இலவசம். அந்த இலவசம்தான் எனக்கு உறுத்தியது.

"என்ன படிப்பிச்சவை? சொல்லுங்கோ பாப்பம்."

கதிரையை விட்டு எழுந்து நின்று கடகடவென்று ஒப்பித்தார். நில், இடது, வலது, முன்னே என்பவை எனக்கே விளங்கின. மற்றவற்றை மெதுவாகச் சொல்லச் சொல்லி, போனில் அகராதியைத் தட்டினேன். படு. ஊர்ந்து போ. தலையைக் குனி.

எங்கள் முதல் பாடம் 'இது வீடு, இது அம்மா' என்று தொடங்கியது. புத்தகத்துக்கு ரஷ்யச் சொல் என்னவென்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. 'ஆசிரியர்' என்ற சொல்லுக்கு? அதுவும் தெரியவில்லை.

"அதெல்லாம் அங்க போய்ப் படிக்கலாம். நாலு மாசம் படிச்ச உனக்கு என்ன தெரியும்?" என்று சீறினார். நியாயமான கேள்விதான்.

குசினி வாசலில் நின்ற சித்தி, அந்த மூன்று சொற்களையும் இன்னொருமுறை தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"உந்த மூண்டையும் உனக்கு ஆறு வயசில, ஷெல்லடிக்கேக்க பங்கருக்குள்ள வைச்சு நானே சொல்லிக் குடுத்தனான்," என்றார் மகனைப் பார்த்து.

சுதன் அண்ணா சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிற்பகல் 3.00. புறப்படும்போது அவருடைய பாஸ்போட்டைச் சித்தி என் பைக்குள் திணித்தார். "நாளைக்கு ஏஜென்ட்டிட்டக் குடுக்க வைச்சிருந்தவன். நீ கொண்டு போ பிள்ளை. கேட்டா, அம்மாவைக் கேக்கச் சொல்லு."

பஸ் கிளிநொச்சி தாண்டியதும் பயம் பிடித்தது. ஏஜென்ட் நல்லவனாகவும் இருக்கலாம். என் அரைகுறை அறிவால் ஒருவரின் எதிர்காலத்தைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேனோ? முறிகண்டியில் போன் அடித்தது, சுதன் அண்ணா. நான் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது.

அவர் என்னை மன்னிக்கவே மாட்டார். பரவாயில்லை. முரசுமோட்டையில் இருந்துகொண்டு மன்னிக்காமல் இருக்கட்டும்.