பெரிய பேண்ட்சாவை வாங்க வந்தவர்கள்

மரம் அறுக்கிற மெஷின் விற்கிற கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் தேடுவது மெஷினை இல்லை, ஆம்பளையை.

கடை வைத்துக் காலம் தள்ளும் சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உரக்கடையோ பெயிண்ட் கடையோ, கல்லாவில் நீங்கள்தான் உட்கார்ந்திருப்பீர்கள். வருகிறவர் உங்கள் தலைக்கு மேலே பின்பக்கக் கதவை எட்டிப் பார்ப்பார். எனக்கு வாய்த்தது தேனியில், கம்பம் ரோட்டில், ஒரு மர மெஷின் கடை. என் வீட்டுக்காரர் தொடங்கியது. கல்யாணமான புதிதிலிருந்தே அவரோடு சேர்ந்து மெஷினைப் பூட்டி, கழற்றி, கிரீஸ் கறை போகாத கையோடு சோறு தின்றவள் நான். அவர் துபாய்க்கு வேலைக்குப் போனதும் கடை என் பொறுப்புக்கு வந்தது. கட்டடம் மட்டும் மாமனார் பெயரில்.

கடை நடுவில் ஒரு பெரிய பேண்ட்சா நின்றது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடுகிற ரம்பப் பட்டை, அதுதான் பிளேடு. வீட்டிலேயே பட்டறை போட நினைக்கிறவர்களுக்கென்று நான் பார்த்துப் பார்த்து வரவழைத்தது. வார்ப்பிரும்பு உடம்பு, வீட்டுக் கரண்டிலேயே ஓடும் மோட்டார். அது விற்காமல் நின்றது. என் கொழுந்தன் முருகேசனுக்கு அந்த இடத்தில் பேக்கரி வைக்க ஆசை. ஒரு நாள் வந்து நின்று கெடு வைத்தான்: "பொங்கலுக்குள்ள இது வித்துச்சுன்னா மெஷின் கடையே இருக்கட்டும் மதினி. இல்லைன்னா சாவியக் குடுத்துருங்க." துபாய்க்குப் போன் போட்டு அழுதேன். என் வீட்டுக்காரர் சொன்னது: "அவன் சொல்றதும் சரிதான?"

விவரம் தெரிந்தவர்

பெரியகுளத்திலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் வந்தார். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுவிட்டாராம், மர வேலை பழகப் போகிறாராம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பேண்ட்சாவில் முதலில் பார்க்க வேண்டியது உடம்புதான் என்று ஆரம்பித்தேன். பிளேடை இழுத்துக் கட்டும்போது உடம்பு வளையக் கூடாது. வளைந்தால் அறுப்பு நேராகப் போகாது, பிளேடு சக்கரத்தை விட்டு நழுவும். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, ஆட்டம் இருக்கிறதா பாருங்கள் என்றேன். பிளேடு விலகாமல் பின்னாலும் பக்கத்திலும் தாங்கிப் பிடிக்கிற பேரிங்குகளைக் காட்டினேன். எவ்வளவு உயரமான கட்டை உள்ளே போகும் என்று டேப் வைத்து அளந்தே காட்டினேன். பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது.

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் தெளிவாத்தாம்மா சொல்றீக. கடையில வெவரம் தெரிஞ்சவுக எப்ப வருவாக?"

ஒரு ரூபாய்க் காசு

ஆண்டிபட்டி வாத்தியார் அப்படி இல்லை, காது கொடுத்துக் கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு ஒரு வித்தை காட்டினேன். பெரிய பேண்ட்சாவின் மேசையில் ஒரு ரூபாய்க் காசை விளிம்பில் நிற்க வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். மெஷின் ஓடியது, காசு நின்றது. நல்ல மெஷின் அதிராது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஓரத்தில் ஒரு தகர பாடி மெஷின் கிடந்தது, முருகேசன் பிடிவாதமாக வாங்கிப் போட்டது. அதன் மேசையில் அதே காசை வைத்து சுவிட்சைப் போட்டேன். உருண்டு வாசல்வரை ஓடிவிட்டது. வாத்தியார்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார், அடேயப்பா என்று சொல்லிக்கொண்டே. கடைசியில் தகர மெஷினைத்தான் வாங்கினார். அது பச்சை நிறம். அவர் வீட்டு கேட்டும் பச்சையாம், ஒத்துப்போகுமாம்.

வேண்டாம் சார், பின்னால் கஷ்டப்படுவீர்கள் என்று வண்டியில் ஏற்றும்வரை சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார். மாதம் ஒன்று ஆகவில்லை, திரும்பி வந்தார். பிளேடு தினமும் கழன்று விழுகிறதாம், அறுத்த பலகை வளைந்து நெளிந்து வருகிறதாம். கடையில் நாலு பேர் நிற்கும்போது சத்தம் போட்டார். நானும் விடவில்லை, அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னேனே சார் என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது: "நீங்க சொன்னீக, சரி. பொம்பளை சொன்னா நான் கேப்பேனா? யாராச்சும் ஒரு ஆளை வச்சு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா?"

அறுத்துப் பார்த்தவர்

மரத்தை அறுத்துப் பார்க்காமல் மெஷின் வாங்கக் கூடாது என்பது நான் எல்லோருக்கும் சொல்கிற புத்திமதி. அதைச் சிரமேற்கொண்டவர் ஒரு கோம்பைக்காரர். முதல் தடவை ஒரு வேப்பங்கட்டையோடு வந்தார், அறுத்துக் காட்டினேன். அடுத்த வாரம் தேக்கு கொண்டு வந்தார், கெட்டி மரத்தில் எப்படி ஓடுகிறது என்று பார்க்கணுமாம். அப்புறம் வளைவு அறுக்குமா என்று பலாப் பலகை. பென்சிலால் கோடு போட்டே எடுத்து வந்திருந்தார், அதுவும் வேன் நிறைய. நடுவில் மழுங்கிய பிளேடை மாற்றி மாற்றிப் போட்டு அறுத்துக் கொடுத்தேன். வாங்கப் போகிறவர் என்ன அக்கறையாகப் பார்க்கிறார் என்று பூரித்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐப்பசியில் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு அழைத்தார். போய்ப் பார்த்தால் வாசல் வளைவு, ஜன்னல், சாமி ரூம் கதவு, அத்தனையும் என் மெஷின் அறுத்தது. பலாப் பலகையில் நான் கைப்பட அறுத்த வளைவைத்தான் வந்த சனமெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. பந்தியில் உட்கார்ந்தபடியே, மெஷினை எப்போது அனுப்பட்டும் அண்ணே என்று கேட்டேன். என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார், பிறகு என்னிடம் திரும்பினார்: "இனிமே எனக்கு எதுக்குத்தா மெஷினு? வீட்டு வேலைதான் முடிஞ்சு போச்சுல்ல."

கேட்டு வாங்கியவர்

தேவதானப்பட்டிக்காரர் ஒருவர் என்னிடம் பாடம் படித்துவிட்டு கோயம்புத்தூரில் போய் மெஷின் வாங்கினார். நான் சொன்னதில் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். வீட்டில் சிங்கிள் பேஸ் கரண்டுதானே, அதற்கு ஏற்ற மோட்டாரா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். அவர் த்ரீ பேஸ் மோட்டாரோடு கொண்டுவந்து இறக்கிவிட்டார், அது வீட்டில் எங்கே ஓடும்? மோட்டாரை மாற்றித் தா என்று என் கடை வாசலில் வந்து நின்றார். வாங்கின இடத்தில் கேளுங்கள் அண்ணே என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது: "அங்கன எனக்கு யாரைத் தெரியும்? உன்னையக் கேட்டுத்தான வாங்குனேன்?"

தட்டு

மார்கழி பிறந்துவிட்டால் யாரும் புதுப் பொருள் வாங்க மாட்டார்கள். அதனால் பொங்கல் கெடு என்பது எனக்குக் கார்த்திகையோடு முடிகிற கெடு. கார்த்திகையும் முடியப் போகிற நேரத்தில்தான் சின்னமனூர் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் வந்தார். மகள் கல்யாணத்துக்குக் கட்டிலும் அலமாரியும் தன் கையாலேயே செய்யணும் என்று ஆசை அவருக்கு. நான் சொல்லும் முன்பே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரே ஒரு கட்டையை அறுக்கச் சொல்லி, அறுத்த முகத்தை விரலால் தடவிப் பார்த்தார். "மெஷின் நல்லாருக்கு. பிளேடு அத்துப்போனா இங்கன யாரு ஒட்டித் தருவா?" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்விக்காக நான் எத்தனை மாதம் காத்திருந்தேன்! நானே ஒட்டித் தருகிறேன் அண்ணே என்றேன். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் முன்பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கடை பிழைத்தது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே கடையைக் கழுவிவிட்டு, மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அந்த நேரம் பார்த்து முருகேசன் டேப்போடு வந்தான், பேக்கரி ஷோகேஸுக்கு இடம் அளக்க. அளந்து முடித்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். தோட்டக்காரர் வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, தோட்டத்துத் திராட்சை, முன்பணம். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் தட்டை என் கைக்கு முன்னால் கொண்டுவந்து, அப்படியே என்னைத் தாண்டி முருகேசனிடம் நீட்டினார். அந்த மெஷினுக்கு சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தெரியாதவன், எழுந்து நின்று பவ்யமாக வாங்கிக்கொண்டான்.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். என்னால் அடக்க முடியவில்லை. இவ்வளவும் என்னிடம்தானே பேசினீர்கள் அண்ணே என்று கேட்டேவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. நல்ல மனுஷர், இதமாகத்தான் சொன்னார்: "நீ சொல்லித்தான் வாங்குறேன்த்தா, இல்லைங்கல. ஆனா தட்டுக் குடுக்குறதுன்னா வீட்டு ஆம்பளை கையிலதான குடுக்கணும்?"

ராசிக்காரன்

பேக்கரிப் பேச்சு அன்றோடு நின்றது. மெஷின் ஒன்று விற்றால் எவ்வளவு லாபம் நிற்கும் என்பது முருகேசனுக்குப் புரிந்துவிட்டது. தம்பி உட்கார்ந்த அன்றைக்கே விற்றுவிட்டானாமே, ராசிக்காரன் என்று துபாயிலிருந்து போன் வந்தது. நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் கத்திச் சொன்னேன். என் வீட்டுக்காரர், ஊரில் மழை உண்டா என்று கேட்டார்.

மறுவாரம் முருகேசன் சாவி கேட்டு வந்தான். கெடுதல் செய்வதாக அவன் நினைக்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு ஆறுதல் வேறு சொன்னான்: "கவலைய விடுங்க மதினி, சொன்ன சொல்ல மீற மாட்டேன், மெஷின் கடைதான். நான் உக்காந்து பாத்துக்கிறேன், நீங்க வீட்டுல நிம்மதியா இருங்க. யாராச்சும் வெவரம் கேட்டா மட்டும் உங்களுக்குப் போன் போடுறேன்."

ஆகவே வீட்டுப் பட்டறைக்கு நல்ல பேண்ட்சா வாங்க நினைப்பவர்கள் தாராளமாகத் தேனிக்கு வரலாம், என் கொழுந்தன் எல்லாவற்றையும் அக்கு வேறு ஆணி வேறாக எடுத்துச் சொல்வான், அடுப்பில் எனக்கு வேலை இல்லாத நேரமாக இருந்தால்.