அடைத்த பட்டறை, திருமலைராயன்பட்டினம்

நாகூரிலிருந்து வந்த பஸ் தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிட, காரைக்காலைச் சேர்ந்த திருமலைராயன்பட்டினத்துக்கு நடந்தே வந்து சேர்கிறேன். 1979. புதுச்சேரியையும் காரைக்காலையும் தமிழ்நாட்டோடு இணைக்கலாம் என்று தில்லியில் பேச்சு; அதை எதிர்த்து இங்கே கடையடைப்பு. தேர்தலில் அடித்துக்கொள்ளும் கட்சிகளின் கொடிகள் தெருவின் குறுக்கே ஒரே கயிற்றில் ஆடுகின்றன.

அடைத்த லேத் பட்டறையின் வாசலில் அதன் சொந்தக்காரர் செல்வராசு உட்கார்ந்திருக்கிறார். பெயர்ப்பலகையில் 'புதுவை மாநிலம்' என்பது பட்டறையின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் காரைக்கால்மேட்டு மீனவர் ஒருவர். அவருடைய படகின் இன்ஜின் ஷாப்ட் பழுதாகி உள்ளே கிடக்கிறது. படகு கரையில் கிடக்கிறது.

"அந்தப் பக்கமும் தமிழ்தானே, சேர்ந்தால் என்ன?" என்கிறேன்.

"நான் பொண்ணு எடுத்ததே நாகூர்லதாங்க," என்கிறார் செல்வராசு. "ஆனா இந்தப் பட்டறைக்குக் கரண்டு கேட்டு, சைக்கிள்ல போயி எம்.எல்.ஏ.வ வீட்டுலயே புடிச்சேன். சேத்துட்டா எதுக்கும் ஜில்லா ஆபீசுன்னு தஞ்சாவூருக்கு பஸ் ஏறணும். அங்க நம்மள யாருக்குங்க தெரியும்?"

"உங்கள் மந்திரிசபை அடிக்கடி கவிழ்கிறதே?"

"கவுக்குறதும் நாங்கதாங்க, மறுபடி வெக்கிறதும் நாங்கதாங்க!"

மீனவர் சத்தமாகச் சிரிக்கிறார். அவர் பக்கம் திரும்பி செல்வராசு குரலைத் தாழ்த்துகிறார்.

"அண்ணே, ஒங்க பொழப்பு கெடுது. பின்பக்கமாத் தொறந்து ஷாப்ட முடிச்சுக் குடுத்துரட்டுமா?"

"நல்லாருக்கே! ஊரே அடைச்சுக் கெடக்கு, எனக்காவ நீ தொறப்பியா? சாவியக் குடு இங்க."

வாங்கிய சாவியைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு, மீனவர் பட்டறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்காருகிறார்.