லீமா நம்பாத கடல்

இனயத்து லீமா செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் வாங்கியதில்லை. சொந்த அண்ணன் வள்ளத்தில் வந்த மீனாக இருந்தாலும் சரி, கரையில் துள்ளிக்கொண்டிருக்கிற மீனாக இருந்தாலும் சரி. துள்ளுகிற மீனில் என்ன சோதனை என்று கேட்டவர்களுக்கு, "துள்ளுகது மாதிரி நடிக்கவும் செய்யும்" என்று பதில் சொன்னவள். மீன் கடவத்தைத் தலையில் வைத்துக் கருங்கல் ஊர்ச் சந்தைக்கு நடக்கிற பெண்களில் அவளுக்கு மட்டும் எதிரிகள் கிடையாது. யாரையாவது நம்பியிருந்தால்தானே யாராவது ஏமாற்றியிருக்க முடியும்?

அவளுடைய புருஷன் ஓர் ஆடி மாதத்தில் கட்டுமரத்தில் போனான். கட்டுமரம் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. குழி வெட்டாமலே பூசை வைத்தார்கள். அன்றிலிருந்து லீமாவுக்கும் கடலுக்கும் பேச்சு கிடையாது. வியாபாரம் மட்டும் உண்டு.

ஒரே மகள் சகாயசெல்வியைக் கட்டுமரக்காரனுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அதனால் கோயில் உபதேசியார் ஞானதாசன் யேசுதாசனைப் பற்றிச் சொன்னபோது அவளால் உடனே மறுக்க முடியவில்லை. யேசுதாசன் அதே ஊர்க்காரன்தான். சரக்குக் கப்பலின் சமையற்கட்டில் மூன்று வருடம் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். இனிக் கப்பலுக்குப் போவதில்லை, கருங்கலில் சாயாக்கடை போடப்போகிறான். கொண்டுவந்த சொத்து ஒரு கம்பளிக் கோட்டு. அதை உச்சி வெயிலிலும் கழற்றமாட்டான். உள்ளே சட்டை இல்லை என்று லீமா சந்தேகப்பட்டாள். அது சரியாகவே இருந்தது.

பேசி முடித்தார்கள். பிறகு கோயிலில் ஓலை வாசிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அறிவிப்பார். மூன்றாவது ஓலை வாசித்த பிறகு வாயைத் திறந்து பயனில்லை. லீமாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தமானது. சந்தேகப்படுவதற்கு என்றே மூன்று வாரம் ஒதுக்கிய மதம் வேறு இருக்கிறதா என்ன?

முதல் ஓலை வாசித்த அன்று கோயில் முற்றத்துப் புன்னை நிழலில் யேசுதாசனை நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். லீமா முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் பக்கத்தில் நின்றாள்.

"கப்பலு ரிப்பேருக்குக் கெடந்துது. வேல்ஸுன்னு ஒரு நாடு" என்றான் யேசுதாசன். "இங்கிலாந்தோட ஒட்டித்தான் கெடக்கு. ஆனா இங்கிலாந்துன்னு சொன்னா அவனுவளுக்கு மூஞ்சி கறுத்துப்போவும். பாஷ வேற."

"அப்ப நம்ம கதையாக்கும்" என்றார் ஒருவர். "ஆளுகவன் ஒருத்தன், பேசுக பாஷ வேற."

மலையாள ஆட்சியிலிருந்த திருக்கொச்சி ராஜ்யத்தில் இருப்பதா, தமிழ்நாட்டோடு சேர்வதா என்று தெற்குத் திருவிதாங்கூர் முழுக்கக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. யேசுதாசன் சொன்னதில் ஊர் நம்பியது இந்த ஒன்றைத்தான்.

"அங்க ஒரு கடப்புறத்து ஊரு, பேரு பாரி. நான் காலத்த எட்டு மணிக்குப் போவும்போ கடலு தெருவோரம் வரைக்கும் கெடக்கு. ஒரு சாயா குடிச்சேன். அங்கங்க பாறையும் குகையும், நம்ம வட்டக்கோட்டை கணக்கா ஒரு கோட்டையும், எல்லாம் சுத்திப் பாத்துட்டு உச்ச கழிஞ்சு திரும்பி வாறேன். கடலக் காணோம்."

நாலு பேரில் ஒருவர் இன்னும் கிட்டே வந்தார்.

"எங்க போச்சு மக்கா?"

"தூரத்துல ஒரு கோடு மாதிரி தெரிஞ்சுது. வள்ளமெல்லாம் சேத்துல சரிஞ்சு கெடக்கு, மாடு படுத்திருக்க மாதிரி. நான் நம்ம ஊரு நெனப்புல, கடலு உள்வாங்கிற்று, இப்பம் மல மாதிரி எழும்பி வரும்னு கூவி நெலவிளிச்சுக்கிட்டு மேட்டப் பாத்து ஓடினேன். ஒரு செருப்பு சேத்தோட போச்சு. வெள்ளக்காரிமாரு வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாளுவ."

"பொறவு கடலு?"

"அந்திக்குத் திரும்பி வந்துது. டெய்லியும் அப்படித்தானாம்."

"கஞ்சி குடிக்கப் போயிருக்கும்" என்றார் ஒருவர். முற்றம் சிரித்தது. இனயத்துக் கடல் ஏறி இறங்குவது முழங்கால் அளவு. அதற்கு மேல் நகர்ந்தால் அது கடல் அல்ல, கெட்ட சகுனம்.

யேசுதாசனுக்கு ரோஷம் வந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு படக்கார்டை எடுத்தான். அந்த ஊரில் வாங்கியது. லீமா அதை வாங்கி, மீனைப் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் திருப்பினாள்.

"கடலு எங்க?"

"அதுதான் மாமி, போயிருக்கு."

"படம் பிடிக்கம்போ கூட நிக்காத கடலா?" அவள் விரல் படத்தின் கீழே வந்தது. "இவிய யாரு வரிசையா?"

"காத்து வாங்க வந்தவங்க. நாற்காலிய வாடகைக்கு எடுத்து மணலுல போட்டு இருப்பாங்க."

லீமாவோடு சந்தைக்கு நடக்கிற செசிலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் காலத்தில் இனயத்தில் வலையில்லாமல் ஒருவர் மணலுக்குப் போகிறார் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. வெளிச்சம் வருமுன் போய்விட்டு வருவார்கள். அதற்கு யாரும் நாற்காலி கொண்டுபோவதில்லை.

"ஆணும் பெண்ணும் ஒண்ணாவா?" என்று கேட்டாள் லீமா.

"குடும்பத்தோட வருவாங்க மாமி. பிள்ளைங்க கழுத மேல ஏறிச் சவாரி போவும்."

மேலும் அவன், அங்கே வெள்ளைக்காரர்கள் சீனிக்கும் தேயிலைக்கும் ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள் என்றும் சொல்லித் தொலைத்தான். அதோடு முடிந்தது. கடலாவது போகலாம், வெள்ளைக்காரன் சீனிக்கு வரிசையில் நிற்பானா? ஊரை இத்தனை வருடம் ஆண்டுவிட்டு, தனக்கு ஒரு கரண்டி சீனி எடுத்து வைக்காமலா போனான்?

இரண்டாவது ஓலைக்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. யேசுதாசன் கப்பலில் போகவே இல்லை. மூன்று வருடமும் பம்பாய் ஜெயிலில் இருந்தான். கோட்டு ஜெயிலில் கொடுத்தது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. எல்லோரும் இரண்டாவதாகத்தான் சொன்னார்கள்.

லீமா உபதேசியாரைத் தன் வீட்டு வாசலில் பிடித்தாள். "கேட்டியளா, வாற ஞாயிறு மூணாவது ஓல வாசிக்கம்போ நான் எந்திச்சு நிப்பேன். கடலையே காணோம்னு சொல்லுகவன், நாள மறுநா வீட்டுல இருக்க நக உருப்படியக் காணோம்னு சொல்லமாட்டானா?"

உள்ளே சாளை மீனுக்கு உப்பு போட்டுக்கொண்டிருந்த சகாயசெல்வி தலையை நிமிர்த்தவில்லை. "எம்மா, அவியளுக்குக் கள்ளம் சொல்லணும்னா இத விட நல்ல கள்ளமா ஒண்ணு கிட்டாதா?"

"வாய மூடுட்டி. உப்பப் பாத்துப் போடு" என்றாள் லீமா. ஆனால் மகளின் கண்ணிமை சிவந்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். உப்பு தெறித்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதையும் நம்பவில்லை.

ஞானதாசன் உபதேசியார் நல்லவர். எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்து வைத்தவர். அதாவது, தேவைப்படும்போது உண்மையைச் சற்று ஒதுக்கி வைக்கத் தெரிந்தவர். அவர் யேசுதாசனைத் தனியே கூப்பிட்டு என்ன சொன்னாரோ, வியாழக்கிழமை ஜெபம் முடிந்ததும் யேசுதாசன் முற்றத்தில் கைகட்டி நின்றான்.

"பாவியாகிய நான் கப்பலுல போவல்ல. பம்பாயில ஒரு சாப்பாட்டுக் கடையில வேல பாத்தேன். பெருமைக்காகக் கள்ளம் சொன்னேன். எல்லாரும் பொறுக்கணும்."

ஊர் பூரித்துப்போனது. கப்பலில் போனவனை ஒருவரும் தொட்டதில்லை. போகாதவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று, அவனை ஜெயிலில் போட்டவர்களே வியந்தார்கள். யாரோ வெற்றிலை கொடுத்தார்கள். அவன் கோட்டைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வெறும் மார்போடு நின்ற அவனை அன்றுதான் ஊர் தன் ஆள் என்று ஏற்றுக்கொண்டது.

லீமாவும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை கருங்கல் பாதையில், கடவத்திலிருந்து சொட்டும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே நடந்தவள் சட்டென்று நின்றாள்.

"ஏட்டி செசிலி, அந்தப் பயல் நேத்து சொன்னதுல ரெத்தம் இல்ல."

"எதுல?"

"செவுளுல. வெளுத்துக் கெடக்கு. 'பாவியாகிய நான்'னு அவன் வாயில எப்படி வந்துது? அது உபதேசியாருக்க பேச்சு. பெருமைக்குக் கள்ளம் சொல்லுகவன், நான் பயந்து ஓடினேன், செருப்ப விட்டேன், வெள்ளக்காரி சிரிச்சான்னு சொல்லுவானா? நான் தைரியமா நின்னேன்னுல்லா சொல்லுவான்."

"அப்பம் கடலு போச்சுன்னு நம்புதியா?"

"நான் எங்க நம்பினேன்? இத நம்பல்லன்னு சொன்னேன்" என்றாள் லீமா.

அன்று சாளை சீக்கிரம் விற்றுத் தீர்ந்தது. செசிலியை முன்னால் போகச் சொல்லிவிட்டு, சந்தைக்குக் கிழக்கே யேசுதாசன் சாயாக்கடைக்கு ஓலை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தாள். அவன் அவளைக் கண்டதும் ஏணியிலிருந்து இறங்கிக் கைகட்டினான். கைகட்டுவது அவனுக்குப் பழகிவிட்டிருந்தது.

லீமா காலிக் கடவத்தைக் கீழே வைத்தாள். "கடலு போனப்பம் தரையில என்ன கெடந்துது?"

"நான் போவவே இல்லியே மாமி. நேத்தே சொன்னேன்லா."

"அது ஊருக்கு. எனக்குச் சொல்லு."

அவன் கையிலிருந்த கயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சொன்னால் கல்யாணம் நிற்குமா, சொல்லாவிட்டால் நிற்குமா என்று அவனுக்கு விளங்கவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மொதல்ல ஓடினேன். பொறவு எல்லாரும் எறங்கி நடக்கத கண்டு நானும் எறங்கினேன். சிப்பி கெடந்துது. குப்பி. துருப்பிடிச்ச நங்கூரச் சங்கிலி. ஒரு கொச்சுப் பிள்ளைக்க ஒத்தச் செருப்பு." கயிற்றைக் கீழே வைத்தான். "வெள்ளம் நிக்க எடம் வரைக்கும் போய்ப் பாத்தேன் மாமி. ஆளு யாரும் கெடக்கல்ல."

ஆள் கிடந்ததா என்று லீமா கேட்டிருக்கவில்லை. கேட்க நினைத்ததும் வெளியே வந்திருக்கவில்லை.

"யாரத் தேடின?"

"தெரியல்ல. நமக்கு ஆரு அங்க இருக்கா? ஆனா கடலுக்கு அடித்தரை கண்ணுல தெரியும்போ, நம்ம ஊருக்காரனால தேடாம நிக்க முடியுமா?"

சந்தை இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. லீமா கடவத்தைத் திருப்பித் தட்டினாள். செதில்கள் உதிர்ந்தன. பிறகு நிமிர்ந்து கடைக்கூரையைப் பார்த்தாள்.

"வாசல தெக்கு வைக்காத மக்கா. மழக்காத்து அடுப்ப அணச்சுப்போடும்."

அவள் அவனை மக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம். லீமா எழுந்து நிற்பாள் என்ற செய்தி பக்கத்து ஊர்வரை போயிருந்தது. சாமியார் ஓலையை வாசித்துவிட்டு, தடை உண்டா என்று கேட்டுவிட்டு, வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே காத்திருந்தார். லீமா இருமினாள். கோயில் மொத்தமும் திரும்பியது.

"சளி" என்றாள் லீமா.

கல்யாணம் நடந்தது. பந்திக்கு மாப்பிள்ளை வீட்டார் வாங்கிய மீனையெல்லாம் அவள் சமையலுக்கு முன்னால் செவுள் தூக்கிப் பார்த்தாள். இரண்டைத் திருப்பி அனுப்பினாள். மருமகன் அந்த மூன்று வருடம் எங்கே இருந்தான் என்று சந்தையில் யார் கேட்டாலும், "பம்பாயில, சாப்பாட்டுக் கடையில" என்றே கடைசிவரை சொன்னாள். ஊர் சமாதானமாக ஏற்றுக்கொண்ட ஒன்றை எதற்குக் கலைக்க வேண்டும்?

படக்கார்டை மட்டும் மருமகனிடம் கேட்டு வாங்கி, புடவைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டாள். வேலை ஓய்ந்த சில பிற்பகல்களில் அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஒருமுறை சகாயசெல்வி கண்டுவிட்டாள்.

"என்னம்மா பாக்க?"

"கடலு வந்தாச்சான்னு பாக்கேன்" என்றாள் லீமா. படத்தைப் பெட்டியில் வைத்து மூடினாள். "இன்னும் வரல்ல."