ஆர்டிசோக் வெந்த சனிக்கிழமை

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது அம்மா மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். மறைமலை நகரில் அப்பாவுக்கு வேலை போயிருந்த சமயம் அது. "ஓவன்ல செய்வீங்களா?" என்று வீட்டுக்கார மேடம் கேட்டதற்கு, கொஞ்சமும் யோசிக்காமல் "செய்வேன்" என்று சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் இருந்தது ஒற்றை அடுப்பு. அந்த வீட்டில் முன்பு சமைத்தவர் ஓவனில் எதையோ கருகவிட்டதற்காக நிறுத்தப்பட்டவர் என்பது அம்மாவுக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் விருந்து. மேடம் வெளியே போயிருந்தார். சமையல் மேடைமேல் பச்சையாக, தாமரை மொட்டுக்கு முள் வைத்ததுபோல ஆர்டிசோக் என்கிற வெளிநாட்டுக் காய்கள் கிடந்தன. பக்கத்தில் செய்முறை அச்சடித்த ஒரு தாள், முழுக்க ஆங்கிலம். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை நான் யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வேன்.

நான் கைகால் கழுவிவிட்டு வருவதற்குள் அம்மா ஒன்றைப் பிரித்துவிட்டிருந்தாள். வாழைப்பூவை ஆய்வதுபோல மடல்களைக் கழித்துப் போட்டுக்கொண்டே உள்ளே போயிருக்கிறாள்.

"இன்னாடி இது, உள்ள ஒண்ணுமே இல்ல? வெறும் பஞ்சுதான் கீது!"

தாளை எடுத்துப் படித்தேன். எறிய வேண்டியது அந்தப் பஞ்சுதான். அம்மா எறிந்த மடல்கள்தான் வேண்டும்.

"போச்சுடா" என்று அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, கழித்ததையெல்லாம் கவரில் சுருட்டித் தன் பைக்குள் திணித்தாள். மற்றவற்றைப் பாதி பாதியாக வெட்டத் தாளில் சொல்லியிருந்ததால், ஒன்று குறைவது தெரியாது என்று எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். அம்மா முள் நுனிகளைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். பிளந்த பூக்களிலிருந்து பஞ்சைக் கரண்டியால் சுரண்டினாள். வெட்டிய இடம் கறுக்காமலிருக்க எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாள். "வாழைப்பூவுக்கு மோரு, இதுக்கு எலுமிச்சம்பழம். நல்லா படி, உப்பு எவ்ளோ?" உப்பு எவ்வளவு என்று தாளில் இல்லை. தேவைக்கேற்ப என்றிருந்தது. யாருடைய தேவைக்கு என்று அம்மா எரிச்சலோடு கேட்டாள். குழியில் பூண்டு வைத்து, எண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, மேலே அலுமினியத் தாள் மூடி ஓவனுக்குள் தள்ளினோம்.

அதன் பிறகு அந்தக் கண்ணாடிக் கதவின் முன்னாலேயே குந்தியிருந்தோம். "கருகற வாசன வருதா பாரு." வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?" என்றாள். வெளியே எடுத்து ஒரு மடலை இழுத்துப் பார்த்தபோது சுலபமாகக் கையோடு வந்தது. வெந்தாயிற்று என்பதற்குத் தாளில் சொன்ன அடையாளம் அதுதான்.

விருந்தாளிகள் வந்தார்கள். தட்டுகள் கூடத்துக்குப் போயின. அங்கே சிரிப்புச் சத்தம். கொஞ்ச நேரத்தில் மேடம் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவசரமாகத் திரும்பிப் போனார். தட்டு நிறைய மடல்கள். அடுத்த தட்டும் அப்படியே. நாங்கள் வைத்து அனுப்பியதைவிட அதிகமாகத் திரும்பி வந்ததுபோலத் தெரிந்தது.

"துப்பி வெச்சிருக்காங்கடி" என்றாள் அம்மா. கூடத்தில் மறுபடி சிரித்தார்கள். எங்களைப் பார்த்துத்தான் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மேடம் உள்ளே வந்தார். "அக்கா, சூப்பர்! ஹோட்டல்லகூட இப்படிச் சாப்பிட்டதில்லன்னு சொல்றாங்க."

அம்மா தட்டுகளைக் காட்டினாள். "எல்லாம் மீந்துடுச்சே மேடம்?"

"ஒவ்வொரு மடலோட அடியில இருக்கிற சதையை மட்டும் பல்லால சுரண்டிச் சாப்பிடணும்க்கா. மிச்சம் குப்பைதான். பையை ஏன் மாட்டிட்டீங்க? யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?"

"என் பொண்ணு படிச்சுச் சொன்னா மேடம்." அப்படிச் சொன்னபோது அம்மாவின் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது!

மேடம் என் தலையைத் தடவினார். "அப்போ சனி, ஞாயிறு இவளையும் கூட்டிட்டு வாங்க. உங்களுக்கும் கைக்கு உதவி. இவளுக்குன்னு தனியா ஏதாவது குடுத்துடறேன்."

நான் சரி என்று தலையாட்டுவதற்குள், "இவ வர மாட்டா மேடம்" என்றாள் அம்மா.

"சும்மா ஒரு ஒத்தாசைக்குத்தானே அக்கா?"

"ஒத்தாசைக்கு ஆளு வேணும்னா, வேலைக்கே வேற ஆளு பாத்துக்கோங்க மேடம். என் பொண்ணு மட்டும் வேணாம்."

மேடத்தின் முகம் மாறியது. "சரிக்கா, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனார்.

பஸ்ஸில் அம்மா வாங்கிக் கொடுத்த கடலை உருண்டையை நான் தொடவில்லை. படித்தவள் நான், பாராட்டு எனக்கு, கூப்பிட்டது என்னை. தாம்பரம் வரும்வரை அம்மா பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு என்மேல் பொறாமை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.